மழை நாளில் பையும் கையுமாகக் கடற்கரை நடை: புதுச்சேரிக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள்?

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

நவம்பர் கடைசி வாரம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, பள்ளிகளுக்கு விடுமுறை. இந்த மாதிரி நாளாகப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் வெளிவேலைகள் எல்லாம் சேரும். அப்பாவின் ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று கொடுக்க மாதக் கடைசி வரைதான் கெடு. மிக்சி ஜார் சுற்றவில்லை. அம்மாவின் செருப்பில் வார் அறுந்துவிட்டது. கரண்ட் பில்லைப் போனிலேயே கட்டிவிடலாம் என்றால் அம்மா ஒத்துக்கொள்வதில்லை, கையில் ரசீது இருந்தால்தான் கட்டியதாகக் கணக்கு.

முதலில் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வங்கிக்குப் போனேன். எந்த வங்கி என்பது வேண்டாம். விரல் ரேகை இயந்திரம் அப்பாவை ஏற்கவே இல்லை. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்தும் சிவப்பு விளக்குதான். அப்பா நெசவு சங்கத்தில் கணக்கு எழுதியவர், அதற்கு முன்னால் தறியில் உட்கார்ந்தவர். ரேகை தேய்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது. போதாததற்கு மழை ஈரம் வேறு. "நாளைக்கு வாங்க" என்றார்கள். அப்பா கவுன்டரில் இருந்த பெண்ணிடம், "இவ்ளோ நேரம் உங்ககூடப் பேசிட்டு இருக்கேனேம்மா, நான் உயிரோட இருக்கிறதுக்கு இது பத்தாதா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டது. என்ன செய்யும், பாவம்.

அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு மற்ற வேலைகளை நானே பார்த்தேன். மிக்சி கடையில், "பிளேடு நல்லாதான் இருக்கு சார், புஷ் போயிருக்கு" என்று மாற்றிக் கொடுத்தார். செருப்பு தைப்பவர் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு மட்டும் அன்று நல்ல வியாபாரம். பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம் பாதி மேடை காலி. படகு போகவில்லை, ஐஸ் மீன்தான் இருந்தது. நெத்திலிக் கருவாடு வாங்கினேன். "மழையில வாங்குற கருவாட்ட அப்படியே டப்பால போட்டுடாத தம்பி, வெறும் வாணலியில ஒரு புரட்டு புரட்டி ஆற வச்சுட்டு எடுத்து வை" என்றார் அந்த அம்மா.

இனிதான் விஷயம். கையில் மிக்சி ஜார், செருப்பு, கருவாடு, மாத்திரை எல்லாம் ஒரே கட்டைப்பையில். வீட்டுக்குப் போக ஆட்டோ பிடிப்பதற்குப் பதிலாக பாரதி பூங்கா வழியாக நடந்து காந்தி சிலைக்கு வந்துவிட்டேன். தூறல்தான், பெருமழை இல்லை. தெற்கே துய்ப்ளே சிலை வரை போய்விட்டு, திரும்பி வடக்கு நோக்கித் தலைமைச் செயலகம் தாண்டி, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் வழியாக வீடு. வழக்கமாகச் சனி ஞாயிறில் அந்தச் சாலையில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. அன்றைக்கு ரெயின்கோட் போட்ட இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு சுண்டல்காரர், பெயின்டர் மாதிரி ஒருவர், நான், அப்புறம் கருவாட்டு வாசனைக்குப் பின்னாலேயே வந்த ஒரு நாய். கடல் செம்மண் நிறத்தில் இருந்தது. பாறைகளில் அலை மோதி, சாலையின் கைப்பிடிச் சுவர் வரைக்கும் சாரல் ஏறியது.

என் கட்சி இதுதான்: நடைக்கென்று தனியாகக் கிளம்பிப் போவதைவிட, வெளிவேலை முடிந்து வரும் வழியில் பையோடு நடப்பதுதான் நல்ல நடை. அதுவும் மழையில். யாராவது இப்படி நடப்பதுண்டா?


முத்துநகரான் எழுதியது:

பையோடு நடந்தால் அதற்குப் பெயர் நடையா சார்? சுமை தூக்குதல். நடை என்றால் கை இரண்டும் வீசிப் போகவேண்டும். நான் தூத்துக்குடி. எங்களுக்கு மழையே அபூர்வம், பெய்தால் மொத்தமாகப் பெய்யும். 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கப்புறம் வானம் கறுத்தால் எங்கள் தெருவில் ஒருவரும் நடைக்குக் கிளம்புவதில்லை, மோட்டாரைத் தூக்கி மாடியில் வைக்கத்தான் ஓடுகிறோம்.


குடைக்கம்பி எழுதியது:

குடை கொண்டுபோனீர்களா, ரெயின்கோட்டா? கடலோரம் குடை பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். வடகிழக்குக் காற்றில் குடையை ஒரு கையால் மடக்கி, இன்னொரு கையால் விரித்துக்கொண்டேதான் நடக்கவேண்டும். ரெயின்கோட் சரி, ஆனால் தலைமூடி காதை மறைத்துவிடும், பின்னால் வரும் பைக் சத்தம் கேட்காது. நான் தொப்பியோடு சரி. நனைந்தால் நனைந்ததுதான். இன்னொன்று, ரப்பர் செருப்பு போட்டு அந்தச் சாலையில் நடக்காதீர்கள். ஈரக் கல்லில் வழுக்கும்.


முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

@குடைக்கம்பி ரெயின்கோட்தான். பழைய ஸ்கூட்டர் காலத்து ரெயின்கோட், கக்கத்தில் கிழிசல் உண்டு.

@முத்துநகரான் கை வீசுவதெல்லாம் டாக்டர் சொன்ன நடை சார். அதில் மணியைப் பார்ப்போம், காலடியை எண்ணுவோம். பையோடு போகிறவனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பிடித்த இடத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு நிற்கலாம். சும்மா நிற்கிறவனை நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பையோடு நிற்பவன் யாருக்கோ காத்திருப்பவன் ஆகிவிடுவான். கௌரவமான ஏற்பாடு.


தபால்பெட்டி எழுதியது:

நடையை விடுங்கள், ஆயுள் சான்றுக்கு வருகிறேன். என் மாமியாருக்கும் இதே ரேகைப் பிரச்சினை. இப்போது முகத்தை வைத்தே செய்யலாம். ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் முக அடையாளச் செயலியையும் போனில் இறக்கிக்கொள்ளவேண்டும். 2021 நவம்பரிலிருந்தே இந்த வசதி உண்டு. ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்காரவைத்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் வேலை முடிந்தது. மழை நாளில் வீட்டுக்குள் இருட்டாக இருந்தால் முகத்தையும் எடுக்காது, டியூப்லைட் அடியில் முயலுங்கள். போன் எல்லாம் ஒத்துவராது என்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள், அஞ்சல் வங்கி மூலமாக வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார்கள், கொஞ்சம் கட்டணம் உண்டு. 80 வயது தாண்டியவர்கள் என்றால் மத்திய அரசு ஓய்வூதியத்துக்கு அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். நவம்பர் கடைசி வரை காத்திருந்து மழையில் அலையவேண்டாம்.


முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

தபால்பெட்டி, ரொம்ப நன்றி. இன்று காலை ஜன்னல் ஓரமாகவே எடுத்துவிட்டோம். அப்பா கண் சிமிட்டச் சொன்னபோது ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினார், இரண்டாம் தடவைதான் சரியாக வந்தது. பழையபடி நடைக்கு வருவோம்.


வம்பாகீரப்பாளையத்தான் எழுதியது:

தம்பி முத்தியால்பேட்டை, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நடந்தது கடற்கரைச் சாலை. கடற்கரை இல்லை. கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கும் இடத்தைக் கரை என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை.

எங்கள் பையன் பருவத்தில் அங்கே மணல் கிடந்தது. ஊர்க்காரர்கள் சாயங்காலம் மணலில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டுமரம் மணலில் ஏறும், கரைவலை இழுப்போம். நான் சொல்வது 80-களின் நடுப்பகுதிக்கு முன்னால். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள், 1986-இல் தொடங்கி 89-க்குள் முடிந்தது. அதற்கப்புறம் சில வருடங்களிலேயே ஊருக்கு நேரே மணல் இல்லை. பிறகுதான் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் மண் நின்றது, அதற்கு வடக்கே அரித்தது. அங்கே கல் கொட்டினார்கள், அதற்கும் வடக்கே அரித்தது. அப்படியே தமிழ்நாட்டுக் குப்பங்கள் வரைக்கும் அந்த அரிப்பு போய்விட்டது. கேட்டால் கடல் கொந்தளிப்பு என்பார்கள். கடல் அதன் வேலையைத்தான் பார்த்தது.


குடைக்கம்பி எழுதியது:

துறைமுகம் தெற்கே இருக்கிறது, அரிப்பு ஏன் வடக்கே? யாராவது விளக்குங்கள்.


பட்டினப்பாக்கத்து நண்டு எழுதியது:

நான் சென்னை. இதற்கு எங்கள் ஊரே பதில். நம் கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதும், மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்றில் இதுவே தெற்கு நோக்கித் திரும்பும். ஆனால் வடக்கே போகும் மாதங்கள்தான் அதிகம். வருடக் கணக்குப் பார்த்தால் நிகர ஓட்டம் வடக்கே. நடுவில் கடலுக்குள் ஒரு சுவரை நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் தேங்கும், வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது. அலை மட்டும் வழக்கம்போல வந்து இருப்பதையும் எடுத்துக்கொண்டு போகும்.

சென்னைத் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் ஊரே கடலுக்குள் போனது. மெரினாவில் பட்டம் விடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த மணல் யார் வீட்டு வாசலில் இருக்கவேண்டியது என்று தெரியும்?

மழை நடை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மழைக்குப் பிறகு கரையில் நடந்தால் முதலில் காலில் படுவது ஆகாயத்தாமரை. அடையாறும் கூவமும் திறந்துகொண்டால் ஏரிகளில் கிடந்தது எல்லாம் கடலுக்கு வந்து, கடல் நமக்கே திருப்பிக் கொடுத்துவிடும். 2019-இல் பட்டினப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரை வெள்ளை நுரை பொங்கி நின்றது. பிள்ளைகள் அதில் இறங்கி விளையாட, பெற்றோர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு கலந்த கழிவுநீர் ஐயா அது. மழைக் காலத்தில் ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள், கண்ணாடித் துண்டும் ஊசியும் கூட வரும்.


வம்பாகீரப்பாளையத்தான் எழுதியது:

நண்டு சொன்னது சரி. எங்கள் பக்கமும் அதே கதைதான். துறைமுகத்துக்குத் தெற்கே மணலுக்குப் பஞ்சமில்லை, முகத்துவாரமே தூர்ந்துபோய் அடிக்கடி தோண்டவேண்டியிருக்கிறது. தோண்டிய மணலைக் குழாய் வைத்து வடக்கே கொண்டுபோய்க் கொட்டவேண்டும் என்பதுதான் ஆரம்பத்தில் போட்ட திட்டம். அதை ஒழுங்காக நடத்தியிருந்தால் இந்தப் பேச்சுக்கே வேலையில்லை.


முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

ஐயா, கோபமெல்லாம் இல்லை. ஆனால் தலைமைச் செயலகத்துக்கு எதிரே இப்போது மணல் இருக்கிறதே? அன்றைக்கு அங்கேதான் ரெயின்கோட்டோடு நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன். மழையில் மணல் இறுகிப்போய் நடக்கச் சுகமாக இருந்தது, கால் புதையவில்லை. தூறல் விட்ட நேரத்தில் சின்ன நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து உருண்டை உருண்டையாக மணலைத் தள்ளிக்கொண்டிருந்தன. முப்பது வருடமாக மணலே இல்லாத இடத்துக்கு இதுகளுக்கு யார் வழி சொன்னது?


வம்பாகீரப்பாளையத்தான் எழுதியது:

அது 2018-க்குப் பிறகு வந்த மணல். சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்காரர்கள் செயலகத்துக்கு நேரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் பெரிய இரும்புக் கூடு ஒன்றை இறக்கினார்கள். அலை அதில் உடைந்து வேகம் குறைந்துதான் கரைக்கு வருகிறது. வேகம் குறைந்த அலை கொண்டுவரும் மணலைக் கீழே விட்டுவிட்டுத் திரும்பிவிடும். இறக்கும்போது, 'இரும்பை முழுக வைத்தால் மணல் வருமா' என்று குப்பத்தில் கேலி பேசினோம். நானும்தான். வந்ததை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மணல் வடக்கில் கொஞ்ச தூரத்துக்குத்தான். காந்தி சிலைக்குத் தெற்கே இன்னும் கல்தான். முழுக்க வரட்டும், அப்புறம் கடற்கரை என்று சொல்லலாம்.


முத்துநகரான் எழுதியது:

ஐயாவிடம் தெற்கே பாதிக்கு இன்னும் பட்டா கிடைக்கவில்லை.


பருத்தித்துறைப் பெடியன் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், பருத்தித்துறை. இந்த இழையை ஆரம்பத்தில் இருந்தே வாசித்துக்கொண்டு வாறன். எங்கட கரையிலும் ஊருக்கு முன்னால் சும்மா நடக்க மணல் பெரிதாக இல்லை, முருகைக்கல்தான், நீங்கள் பவளப்பாறை எண்டு சொல்லுவது. கலங்கரை விளக்கத்தடியில் நிண்டு பார்த்தால் அலை தூரத்திலேயே கல்லில் உடைஞ்சு போகும், கரைக்கு வரும்போது அதுக்குப் பலமில்லை. நீங்கள் இரும்பு போட்டுச் செய்த வேலையை எங்களுக்கு முருகைக்கல் சும்மா செய்து தருகுது.

எங்களுக்கும் மாரி மழை உங்களைப்போலத்தான், கார்த்திகை மார்கழி. அந்த நேரம் சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கரையால் வருவது என் பழக்கம். சைக்கிள் ஹாண்டிலில் மரக்கறிப் பை. அதால் நான் முத்தியால்பேட்டை அண்ணாவின் பக்கம்.

பருத்தித்துறை வடை கேள்விப்பட்டிருப்பீர்கள், தட்டையாக, மொறுமொறு என்று. மழைக்கு அதைவிட வேறொண்டும் வேண்டாம்.


முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

தம்பி, கட்சிக்கு ஆள் சேர்ந்ததில் சந்தோஷம். வடை எத்தனை நாள் தாங்கும்?


பருத்தித்துறைப் பெடியன் எழுதியது:

காத்துப் போகாத டப்பாவில் கனநாள் இருக்கும் அண்ணா. ஆனால் வீட்டில் ஆக்கள் இருந்தால் இராது.


கூண்டு நம்பர் எழுதியது:

எல்லோரும் சுகமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் பயமுறுத்துகிறேன். கடலூர்க்காரன். தானே புயலில் வீட்டு ஓடு முழுவதையும் இழந்த குடும்பம், 2011 டிசம்பர் 30 காலை. அதனால் மழையில் கடலோரம் போகும் யாரையும் பார்த்தால் முதலில் கேட்பது, இன்றைக்குத் துறைமுகத்தில் எந்த நம்பர் புயல் எச்சரிக்கைக் கூண்டு?

பலருக்கு நம்பர் பெரிதானால் ஆபத்து என்பது மட்டும்தான் தெரியும். 1 என்றால் தூரக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது. 2 என்றால் தூரத்திலேயே புயலாகிவிட்டது. இந்த இரண்டும் பெரும்பாலும் கப்பலுக்கும் படகுக்கும் சொல்லும் செய்தி. 3 ஏற்றினால் நம் துறைமுகத்திலேயே பலத்த காற்று அடிக்கலாம் என்று பொருள். 4 என்றால் புயல் நம் துறைமுகத்தையே தாக்கக்கூடும். 5, 6, 7 மூன்றும் புயல் துறைமுகத்தைத் தன் எந்தப் பக்கம் விட்டுக் கடக்கும் என்பதைச் சொல்பவை: இடது, வலது, அல்லது நேராகத் துறைமுகத்தின் மேலேயே. 8, 9, 10 அதே வரிசைதான், ஆனால் கடும் புயலுக்கு. 11 வந்தால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனது என்று பொருள். பகலில் கூம்பும் உருளையும் தொங்கும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கு.

என் விதி எளிது. 1, 2 வரை நடக்கலாம். 3 ஏற்றிவிட்டால் கடற்கரைச் சாலைப் பக்கமே போகமாட்டேன், செல்பி எடுக்கிறவர்களைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருப்பேன். இடி சத்தம் கேட்டால் கூண்டு எதுவாக இருந்தாலும் திரும்பிவிடவேண்டும். மின்னலைப் பார்த்து இடி கேட்பதற்குள் முப்பது எண்ண முடியவில்லையென்றால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்தத் திறந்த சாலையில் உயரமாக நிற்பது நீங்களும் விளக்குக் கம்பமும்தான்.


குடைக்கம்பி எழுதியது:

முத்தியால்பேட்டை, நீங்கள் போன அன்று என்ன கூண்டு?


முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

1. காலையில் செய்தியில் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். 2024 ஃபெஞ்சல் புயலில் பட்ட அனுபவம் அப்படி. நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது, விடியும்போது ஊரில் 46 செ.மீ. மழை. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், வேறு பகுதிகளில் ராணுவம் படகோடு வந்தது. அதற்கப்புறம் கூண்டு நம்பரைப் பார்க்காமல் நான் பால் வாங்கக்கூடப் போவதில்லை.

மழை இந்த ஊருக்குச் செய்வது கொஞ்சநஞ்சமில்லை. அன்று நடக்கும்போது மேரி கட்டடத்தை, அதுதான் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடத்தை, தாண்டித்தானே போனேன், 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்த படம் ஞாபகம் வந்தது. பழைய அச்சிலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். வெயிலில் பார்த்தால் புதுச் சுண்ணாம்பு கண்ணை உறுத்தும், கொஞ்சம் சினிமா செட் மாதிரிகூடத் தோன்றும். மழையில் நனைந்து நின்றபோதுதான் பழைய கட்டடமாகத் தெரிந்தது.


தபால்பெட்டி எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். காந்தி சிலைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது என்ன? போன தடவை வந்தபோது என் பேரன் கேட்டான், ஏதோ உடைந்த கப்பல் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.


வம்பாகீரப்பாளையத்தான் எழுதியது:

கப்பல் இல்லை அம்மா. பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பாலம், கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கப் போட்டது. 1952 புயலில் போனது, தூண்களின் மிச்சம்தான் அது. அதற்குப் பதிலாகத்தான் எங்கள் வம்பாகீரப்பாளையத்தில் புதுப் பாலம் கட்டினார்கள். அதிலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடல் சீற்றத்தில் இடிந்துவிட்டது. பேரனிடம் உண்மையைச் சொல்லுங்கள், கப்பலைவிட அவனுக்குப் பிடிக்கும்.

தண்ணீர் வற்றும் நேரத்தில் வந்தால் தூண்கள் இன்னும் நன்றாகத் தெரியும். மழை நாளில் கடல் கொதித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது.


முத்துநகரான் எழுதியது:

நான் அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் புதுச்சேரி வருகிறேன். ஞாயிறு மாலை சும்மாதான் இருப்பேன். கை வீசி நடக்கிறவன் ஒருவன், பையோடு நடக்கிறவர் ஒருவர், கடற்கரையே இல்லை என்கிற ஐயா ஒருவர். சந்திக்கலாமா?


வம்பாகீரப்பாளையத்தான் எழுதியது:

வாருங்கள் தம்பி. மணல் இருக்கும் பக்கம் வேண்டாம், பழைய கலங்கரை விளக்கத்தடியில் நில்லுங்கள். 1836-இல் ஏற்றிய விளக்கு, 1979-இல் புதுக் கலங்கரை விளக்கம் வந்ததும் அணைத்துவிட்டார்கள். அங்கிருந்து தெற்கே நடந்தால் நான் சொல்வது உங்களுக்கே புரியும்.


முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

ஐந்தரைக்கு வருகிறேன். ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், சாலை நமக்குத்தான். மழை பெய்தாலும் வருவேன்.


கூண்டு நம்பர் எழுதியது:

3 ஏற்றினால்?


முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

3 ஏற்றினால் மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். முத்துநகரான் மஸ்கோத் அல்வாவோ மக்ரூனோ எதையாவது வாங்கி வரவும், கை வீசிக்கொண்டு வந்தால் உள்ளே விடமாட்டேன்.